மனைவி முதலில், கணவன் பிறகு

அன்புள்ள ஆசிரியருக்கு,

1960களில் ஜெர்மனிக்குப் போன கிரேக்கக் குடும்பங்கள் பலவற்றில் மனைவி முதலில் போனார், கணவர் பிறகுதான் போனார் என்று எழுதியிருந்தீர்கள். அவ்வளவு கட்டுப்பாடான கிராமங்களிலிருந்து இது எப்படிச் சாத்தியமானது? இதைப் பெண் விடுதலை என்று சொல்லலாமா?

கே.

அன்புள்ள கே.,

விடுதலையைப் பற்றிப் பேசுவதற்கு முன் கூலிப் பட்டியலைப் பார்த்துவிடுவோம். ஜெர்மன் ஆலைகளில் பெண் என்பதற்காகவே கூலியில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. 1955 ஜனவரியில் உச்சத் தொழிலாளர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. 'பெண் கூலி' என்ற பெயர் போனது. பட்டியலின் அடியில் 'இலகு வேலை' என்று குறைந்த கூலிக்கான புதுப் படிநிலைகள் முளைத்தன. அவற்றில் இருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். வானொலிப் பெட்டிக்குப் பற்றவைப்பது, மெல்லிய கம்பி சுற்றுவது, தைப்பது எல்லாம் இலகு வேலை. எடை தூக்குவதில்லையாம்! பீஸ் ரேட்டுக்காக, அதாவது செய்துமுடித்த உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலிக்காக, நாள் முழுக்க ஒரே விரலசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் களைப்பு அந்தப் பட்டியலில் ஏறவில்லை.

1960 மார்ச் 30 அன்று இரு நாடுகளும் செய்துகொண்ட ஆள்சேர்ப்பு ஒப்பந்தத்துக்குப் பின் கிரேக்கத்தில் திறந்த ஜெர்மன் ஆள்சேர்ப்பு அலுவலகங்களுக்கு, இந்தப் படிநிலைகளை நிரப்பப் பெண்கள் வேண்டும் என்ற கோரிக்கைகள் நிறைய வந்தன. ஆண்கள் காத்திருந்தார்கள், பெண்களுக்குச் சீக்கிரம் அழைப்பு வந்தது. மனைவி போய் வேலையில் அமர்ந்துவிட்டால், கணவரின் பெயரைக் குறிப்பிட்டு ஆலையிலிருந்தே அழைப்பு அனுப்பவைக்கலாம். வரிசையைத் தாண்ட அதுதான் குறுக்குவழி. ஊர்க் கட்டுப்பாடு தளர்ந்ததால் மனைவி போகவில்லை. குடும்பமே உட்கார்ந்து கணக்குப் போட்டு அனுப்பியது.

புறப்படுவதற்கு முன் ரத்தம், சிறுநீர், நுரையீரல் எக்ஸ்ரே, பல் எல்லாம் சோதிப்பார்கள். கர்ப்பம் என்று தெரிந்தால் வாய்ப்பு போய்விடும். வேலை ஒப்பந்தம் ஓராண்டுக்கு, ஒரே ஆலைக்கு. தங்குவது ஆலை விடுதியில், ஓர் அறையில் நாலைந்து பேர், அடுக்குக் கட்டில். சிக்கல் தொடங்குவதே கணவர் வந்த பிறகுதான். பெண்கள் விடுதியில் அவருக்கு இடமில்லை, ஆண்கள் விடுதியில் இவருக்கு இடமில்லை. தனி வீடு பிடிக்க வேண்டும், வெளிநாட்டவருக்கு வீடு தரத் தயங்கினார்கள். பிள்ளைகளை வரவழைக்கவோ, போதிய இடமுள்ள வீடு இருப்பதாக அதிகாரிகளிடம் காட்டியாக வேண்டியிருந்தது. அதனால் பிள்ளைகள் ஊரில் பாட்டியிடம் வளர்ந்தார்கள். ஜெர்மனியில் பிறந்த கைக்குழந்தைகளையும் ஊருக்கு அனுப்பினார்கள். சில ஆண்டுகள் கழித்துப் பெற்றோரிடம் திரும்பி வந்த பிள்ளைக்கு அம்மா யாரோ ஒரு பெண்.

விடுதலை என்ற சொல்லை நான் பயன்படுத்துவதானால், பயணத்துக்கு அல்ல, 1973 ஆகஸ்ட் 13க்குப் பயன்படுத்துவேன். நொய்ஸ் நகரில் வண்டி என்ஜினுக்கான கார்புரேட்டர் செய்யும் பியர்புர்க் ஆலையில் கிரேக்க, துருக்கிய, யூகோஸ்லாவியப் பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். 'இலகு வேலை' இரண்டாம் எண் படிநிலையை நீக்க வேண்டும், மணிக்கு ஒரு மார்க் (அப்போதைய ஜெர்மன் பணம்) கூட்ட வேண்டும் என்று கேட்டார்கள். முதல் நாளே போலீஸ் அடித்தது. அந்த வாரத்திலேயே ஜெர்மன் தொழிலாளர்களும் சேர்ந்துகொள்ள, நிர்வாகம் இறங்கிவந்தது. மார்க்குக்குப் பதில் 30 பெனிக்தான் கிடைத்தது (ஒரு மார்க்குக்கு நூறு பெனிக்). ஆனால் அந்தப் படிநிலை ஒழிந்தது.

அதே ஆண்டு நவம்பர் 23 அன்று ஜெர்மனி ஆள்சேர்ப்பை நிறுத்தியது. ஒரேயடியாக ஊர் திரும்பினால் மறுபடி ஒப்பந்தத்தில் வர வழியில்லை. அதற்குப் பிறகுதான் பலர் தங்குவது என்று முடிவுசெய்து, வீடு தேடி, பிள்ளைகளை வரவழைத்தார்கள்.