வாசகர் கேள்விகள்: மினியின் காக்கை

கேள்வி: என் மகளுக்குக் கல்லூரியில் தாகூரின் 'காபூலிவாலா' பாடம். அந்தக் கதையில் வரும் பண்பாட்டுப் பன்மையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நானும் படித்துப் பார்த்தேன். அப்பா மகள் பாசம்தான் தெரிகிறது. மற்றது எங்கே இருக்கிறது?
– வாசகி, தென்காசி

பதில்: ஆரம்பத்திலேயே இருக்கிறது அம்மா. ஐந்து வயது மினி அப்பாவிடம் ஓடிவந்து, "வாசல் காவல்காரன் ராம்தயாள் காக்கையைக் கௌவா என்கிறான், அவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை" என்று புகார் சொல்கிறாளே, அங்கே. அவளுக்குத் தெரிந்த வங்கச் சொல் காக். அவன் சொல்வது இந்தி. பல மொழிகள் இருப்பதை அப்பா விளக்க வாயெடுப்பதற்குள் குழந்தை வேறு பேச்சுக்குத் தாவிவிடுகிறாள். 1892-ல் வந்த கதை இது.

என் கணவரின் வேலைக்காக ஆறு வருடம் கொல்கத்தாவில் இருந்தோம். பக்கத்து வீட்டு மாஷிமா இதை எனக்கு வங்க மொழியிலேயே வாசித்துக் காட்டினார். "மூட்டையில் என்ன?" என்று மினி கேட்டால், தெருவில் வியாபாரம் செய்ய வரும் ஆப்கானியனான ரஹ்மத், அதாவது கதையின் காபூலிவாலா, "ஹாந்தி" என்பான். யானைக்கு வங்கச் சொல் ஹாதி. இவன் வேண்டாத மூக்கொலி ஒன்றைச் சேர்த்துவிடுகிறான். அந்த இடத்தை மாஷிமா மூன்று தடவை சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மொழிபெயர்ப்பில் படித்தபோது எனக்கு இது தெரியவே இல்லை.

மினியின் அம்மாவுக்கோ அவனைக் கண்டாலே பயம். நம் ஊரில் வட்டிக்குப் பணம் கொடுத்த பட்டாணியரை 'ஈட்டிக்காரன்' என்பார்களே, அந்தப் பெயரே ஒரு மிரட்டலாக இருந்ததே, அதே பயம்தான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால்?

"நீ மாமனார் வீட்டுக்குப் போகமாட்டாயா?" என்று ரஹ்மத் மினியைக் கேட்பது ஞாபகம் இருக்கும். ஜெயிலுக்கும் அங்கே அதுதான் பெயர். நாம் மாமியார் வீடு என்கிறோம், அவ்வளவுதான். பாக்கி வைத்த ஒருவனைக் கத்தியால் குத்திவிட்டு, விலங்கோடு போகிறவனிடம் மினி அதே கேள்வியைத் திருப்பிக் கேட்கிறாள். "அங்கேதான் போகிறேன்" என்கிறான். எட்டு வருடம் கழித்து, கல்யாணப் பெண்ணாக நிற்கும் மினியிடம் மறுபடி கேட்கிறான். இப்போது அவளுக்கு அர்த்தம் தெரியும். வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். எத்தனை தடவை படித்தாலும் இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அப்புறம், ரஹ்மத்தின் மகள் பெயர் பார்வதி என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். கதையில் அவளுக்குப் பெயரே கிடையாது. ரஹ்மத் தன்னோடு வைத்திருக்கும் தாளில் கரி பூசிப் பதித்த மகளின் சின்னக் கையைப் பார்த்ததும், மலைநாட்டில் இருக்கும் அவளை மினியின் அப்பாதான் மனசுக்குள் பார்வதி என்கிறார். துர்கை பிறந்த வீட்டுக்கு வந்து கயிலாயம் திரும்பும் பூஜைக் காலம் அது; அந்த விடுமுறையில்தான் மினிக்கும் கல்யாணம். ஒரு முஸ்லிம் வியாபாரியின் மகளுக்கு, தன் வீட்டுத் தேவியின் பெயரைக் கொடுக்கிறார் ஒரு வங்காளி. உங்கள் மகள் கட்டுரையை இந்த ஒரு சொல்லிலிருந்தே தொடங்கலாம்.

கேள்வி: கடைசியில் மினியின் அப்பா ரஹ்மத்துக்குப் பணம் கொடுப்பது இரக்கத்தாலா?
– அதே வாசகி

பதில்: இரக்கம் என்று எனக்குப் படவில்லை. சற்று முன் அதே மனிதர் அவனை இன்னொரு நாள் வரச்சொல்லித் திருப்பி அனுப்பப் பார்த்தவர். அந்தத் தாளைப் பார்த்தபின், தானும் அப்பா, அவனும் அப்பா என்று உறைக்கிறது. ஊருக்குப் போய் மகளைப் பார் என்று நோட்டைக் கையில் வைக்கிறார். தாளில் இருக்கும் கை இந்த எட்டு வருடத்தில் வளர்ந்திருக்குமே. அந்தச் செலவுக்காகக் கல்யாணத்தில் மின்விளக்கு இல்லை, கோட்டைப் பட்டாளத்தின் பேண்டு வாத்தியமும் இல்லை. வீட்டுப் பெண்களுக்கு அதில் ரொம்பக் குறை.