எடிட் மேசையிலிருந்து: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அன்புள்ள அக்கா, கொல்கத்தாவில் திரைப்பட இயக்கம் முதுநிலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் முக்கூடல். பீடி சுற்றும் என் அம்மாவைப் பற்றி, அம்மாவையே நடிக்க வைத்து ஒரு குறும்படம் எடுக்க ஆசை. ஸ்கிரிப்ட் ஆறு பக்கத்தோடு நிற்கிறது. வரலாற்றுப் பாடத்துக்குக் கட்டுரை, கன்டினியூட்டி எக்சர்சைஸ் (ஷாட்டுக்கு ஷாட் அசைவு அறுபடாமல் தொடரும்படி எடுக்கும் பயிற்சி), டயலாக் எக்சர்சைஸ் என்று ஒன்றன் பின் ஒன்றாக வருகின்றன. நடுவில் நண்பர்களின் ஷூட்டிங்குக்கும் போக வேண்டியிருக்கிறது. ராத்திரி அறைக்கு வந்தால் ஸ்கிரிப்டைத் திறக்கவே தெம்பில்லை. பாடங்களை ஏதோ ஒப்பேற்றிவிட்டு, என் படத்தில் மட்டும் கவனம் வைக்கலாமா?
(பெயர் வேண்டாம், கொல்கத்தா)

பதில்: தங்கைக்கு, ஒப்பேற்ற வேண்டாம். அந்தப் பாடங்களிலேயே உங்கள் படத்தை எடுக்க ஆரம்பித்துவிடுங்கள்.

கன்டினியூட்டி எக்சர்சைஸுக்கு என்ன எடுப்பதாக இருக்கிறீர்கள்? ஒருவர் கதவைத் திறந்து வருவார், நாற்காலியில் உட்காருவார், டீ குடிப்பார். மாணவர்கள் பெரும்பாலும் இதைத்தான் எடுத்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். நீங்கள் பீடி சுற்றும் கைகளை எடுங்கள். நனைத்த இலையை அளவாக வெட்டுவது, தூளைப் பரப்பிச் சுருட்டுவது, நுனியை மடக்குவது, நூல் கட்டுவது வரை. ஒரு ஷாட்டில் இலை பாதி சுருண்டிருந்தால் அடுத்த ஷாட்டில் விரல் அதே இடத்திலிருந்து தொடர வேண்டும். வேகமாக வேலை செய்யும் கைகளை அப்படிப் பொருத்துவது எவ்வளவு கடினம் என்பது எடிட் மேசையில் உட்காருகிறவர்களுக்குத் தெரியும். கேமராவை எங்கே வைத்தால் கையும் முகமும் சேர்ந்து கிடைக்கும், எங்கே வெட்டினால் வேகம் கெடாது என்பதெல்லாம் அம்மா கேமரா முன்னால் உட்காரும் முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்கும். பீடி சுற்றுகிறவர்களுக்கு எங்கே போவது என்று யோசிக்காதீர்கள். நீங்கள் இருக்கும் மாநிலத்திலேயே முர்ஷிதாபாத் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு அந்தத் தொழில்தான்.

டயலாக் எக்சர்சைஸும் அப்படித்தான். சுற்றிக் கொண்டுபோன பீடியில் ஒரு கட்டைக் கழித்து ஒதுக்குகிறார் கடைக்காரர். விட்டுக்கொடுக்க மனமில்லாமல் நிற்கிறார் ஒரு பெண். அந்த வாதம் உங்கள் வீட்டில் காலங்காலமாகக் கேட்டது, யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கட்டுரைக்கு ஆசிரியர் தலைப்பைத் தேர்ந்தெடுக்க விட்டால், தொழில்முறை நடிகர் அல்லாதவர்களை இயக்குவது பற்றி எழுதுங்கள். 1948இல் வந்த ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ படத்தில் இத்தாலிய இயக்குநர் டி சிகா ஓர் ஆலைத் தொழிலாளியைக் கதாநாயகனாக நடிக்க வைத்தார். அந்தப் படத்தை மதிப்பெண்ணுக்காகப் பார்ப்பது வேறு, ‘நாளைக்கு என் அம்மாவை எப்படி நடக்கச் சொல்வேன்’ என்ற கவலையோடு பார்ப்பது வேறு. இரண்டாவது வகையில் பார்த்தால் கட்டுரையும் தன்னால் நன்றாக வரும்.

நீங்கள் இருக்கிற ஊரிலேயே இதற்குப் பெரிய முன்னுதாரணம் இருக்கிறது. சத்யஜித் ராய் அங்கே ஒரு விளம்பர நிறுவனத்தில் மாதச் சம்பளக்காரர். புத்தக அட்டைகளும் வரைவார். ‘பதேர் பாஞ்சாலி’ நாவலின் சிறுவர் பதிப்புக்குப் படம் வரையச் சொன்னார்கள், அந்த வேலையில்தான் அந்தக் கதை அவரைப் பிடித்துக்கொண்டது. அன்று வரைந்த சில படங்கள் பின்னால் ஷாட்டுகளாகவே மாறின. 1950இல் அலுவலகம் லண்டனுக்கு அனுப்பியது. அங்கே அவர் பார்த்த படங்களில் ஒன்றுதான் நான் மேலே சொன்ன டி சிகா படம். திரும்பிவரும் கப்பலிலேயே ‘பதேர் பாஞ்சாலி’யைப் படமாக்கக் குறிப்பெழுத ஆரம்பித்துவிட்டார். 1952 அக்டோபரில் படப்பிடிப்பைத் தொடங்கியபோதும் வேலையை விடவில்லை, விடுமுறை நாட்களில்தான் எடுத்தார். முதல் நாள் நாணல் பூக்களுக்கு நடுவே எடுத்தார்கள், மறுவாரம் போனால் பூவையெல்லாம் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன! அடுத்த பருவத்தில் பூக்கும்வரை அந்தக் காட்சி காத்திருந்தது. படம் வெளிவந்தது 1955இல். வயிற்றுப்பாட்டுக்கான வேலையே அவருக்கு ஓவியப் பயிற்சியையும் கதையையும் தந்தது என்பதை நான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

நண்பர்களின் ஷூட்டிங் பற்றி. நீங்கள் போனால்தான் நாளை உங்களுக்கும் ஆள் வரும், அதனால் அறவே மறுக்க முடியாது. ஆனால் வருகிறேன் என்று சொல்வதற்கு முன் எந்தத் தேதி, எந்த வேலை என்று கேளுங்கள். உங்கள் படம் சிங்க் சவுண்டில்தான் (படமெடுக்கும்போதே பதிவாகும் ஒலி) நிற்கப்போகிறது என்றால் பூம் (நீண்ட கழியில் கட்டிய மைக்) பிடிக்கும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். கத்தரி சத்தத்தையும் பக்கத்து வீட்டு டிவியையும் எப்படிப் பிரித்துப் பதிவது என்று அங்கே பழகலாம். வண்டி பிடிப்பதற்கும் சாப்பாடு வாங்குவதற்கும் எல்லா நாளும் நீங்களே போய்க்கொண்டிருந்தால் வேறு யாரையாவது கைகாட்டிவிடுங்கள், தப்பில்லை.

ஷூட்டிங் முடிந்த ராத்திரியில் எழுத உட்காராதீர்கள். களைத்த நேரத்துக்கென்று லாக் ஷீட் (எடுத்த ஷாட்டுகளின் பட்டியல்) நிரப்புவது, கோப்புகளுக்குப் பெயர் வைப்பது, சப்டைட்டில் அடிப்பது போன்ற வேலைகளைச் சேர்த்து வையுங்கள். ஸ்கிரிப்டுக்குக் காலையில் வகுப்புக்கு முன்னால் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

இன்னொன்றையும் எடிட்டராகச் சொல்லியாக வேண்டும். மாணவர்கள் ஷூட்டிங் தேதியை முதலில் குறிக்கிறார்கள், எடிட்டுக்கு மிஞ்சிய நாளைத் தருகிறார்கள். நீங்கள் சமர்ப்பிக்கும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஒலிகளைச் சேர்க்கும் மிக்ஸிங்குக்கு எத்தனை நாள், அதற்குமுன் படத்தை லாக் செய்ய, அதாவது இனி மாற்றமில்லை என்று எடிட்டை முடிக்க எத்தனை நாள், ரஃப் கட் (முதல் தோராய எடிட்) முடித்து அதைத் தொடாமல் விட்டுவைக்க இரண்டு மூன்று நாள். இதையெல்லாம் கழித்துவிட்டு ஷூட்டிங் தேதியைப் போடுங்கள். அந்த இடைவெளியில் கட்டுரையை எழுதி முடித்துவிடலாம். திரும்பி வந்து பார்க்கும்போது எந்த ஷாட் நீளம் என்பது உங்கள் கண்ணுக்கே பளிச்சென்று தெரியும்.

பூஜை விடுமுறைக்கு ஊருக்குப் போனால் கேமராவை எடுத்துப் போகாதீர்கள், ஒலிப்பதிவுக் கருவி போதும். அம்மா வேலை செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள். அந்த ஆறு பக்கத்துக்கு அடுத்து என்ன என்பதை அவரே சொல்லக்கூடும்.

கேள்வி: மகன் எம்.ஏ. காட்சித் தொடர்பியல் இறுதி ஆண்டு. ஒரு படத்தில் உதவி இயக்குநர் வாய்ப்பு வந்திருக்கிறது, படிப்பை விடுகிறேன் என்கிறான். என்ன சொல்வது?
(ஒரு தந்தை, மதுரை)

பதில்: ஐயா, வாய்ப்பை மறுக்கச் சொல்லாதீர்கள், படிப்பையும் விடச் சொல்லாதீர்கள். படம் தொடங்கும் தேதி தள்ளிப்போவது நம் ஊரில் சாதாரணம். முதலில் அது உறுதியாகட்டும். இறுதி ஆண்டில் பெரும்பாலும் புராஜெக்டும் பயிற்சிக் காலமும் இருக்கும். அந்தப் படத்தில் செய்யும் வேலையையே பயிற்சியாகக் கணக்கில் எடுத்துக்கொள்வார்களா என்று துறைத் தலைவரை நேரில் பார்த்து அவரையே கேட்கச் சொல்லுங்கள். தேர்வு நாட்களை இயக்குநரின் அலுவலகத்தில் இப்போதே சொல்லிவைக்கட்டும். சம்பளம் எவ்வளவு, எப்போது என்பதையும் கூச்சப்படாமல் கேட்கட்டும்.