எடுக்கக் கூடாத வரி

அன்புள்ள அக்கா,

எங்கள் சபைப் பத்திரிகைக்குப் பேராயர் பார்பரா ஹாரிஸ் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறேன். 'பெண் பேராயர்' என்று போடுவதா, 'பேராயர்' போதுமா? பெண்கள் சபையில் பேசக் கூடாது என்று பைபிளில் பவுல் எழுதியதைக் காட்டி வாதாடுபவர்களுக்கு என்ன பதில்? ஹாரிஸ் முறையாக செமினரியில் (இறையியல் கல்லூரியில்) படித்துப் பட்டம் வாங்காதவர் என்ற வரியை எடுத்துவிடலாமா? எதிர்ப்பவர்கள் அதையே பிடித்துக்கொள்வார்கள்.

எஸ்., ஃப்ரேசர் டவுன், பெங்களூரு

அன்புள்ள எஸ்.,

பேராயர் போதும். பவுல் சண்டை எனக்குச் சலித்துவிட்டது. ரோமர் 16-ல், சபை ஊழியக்காரி என்று பவுலே சொல்லும் பெபேயாள் வரும் வசனத்தை மட்டும் அவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். விடுங்கள்.

மூன்றாவது கேள்விக்குத்தான் கோபம் வந்தது. அந்த வரியையா எடுப்பீர்கள்? 1930-ல் ஃபிலடெல்பியாவில் பிறந்த கறுப்பினப் பெண். எண்ணெய்க் கம்பெனியில் மக்கள் தொடர்பு வேலை பார்த்துக்கொண்டே சபைக்கு உழைத்தவர். 1974 ஜூலையில் அனுமதியில்லாமல் பதினொரு பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுத்தார்களே, அந்த ஆராதனையில் சிலுவையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தவர் இவர்தான். அடுத்தவர்களின் பட்டத்துக்குச் சிலுவை சுமந்தவருக்குத் தன் பட்டம் கிடைக்க 1980 ஆயிற்று. வயது ஐம்பது. 1989 பிப்ரவரி 11 அன்று பாஸ்டனில் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த சபைகள்) உலகின் முதல் பெண் பேராயரானார். கொலை மிரட்டல் இருந்ததால் குண்டு துளைக்காத சட்டையை நீட்டினார்கள். போட மாட்டேன் என்றுவிட்டார். செமினரிப் படிப்பில்லை, விவாகரத்தானவர் என்றெல்லாம் அன்றைக்கே பேசினார்கள். அவர் எதையும் ஒளிக்கவில்லை. அவருக்கு இல்லாத கூச்சம் உங்களுக்கு எதற்கு?

என் பெரியம்மா காக்ஸ் டவுனில், வீடு வீடாகப் போய் பைபிள் சொல்லிக்கொடுக்கும் பைபிள் உமனாக இருந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஒருநாள் கல்பள்ளி கல்லறைத் தோட்டத்தில் ஓர் அடக்கம். நல்ல மழை. புதிதாக வந்திருந்த இளம் போதகர் ஐயரின் ஜெபப்புத்தகம் நனைந்து, பக்கங்கள் ஒட்டிக்கொண்டன. மனுஷர் திணறி நின்றுவிட்டார். அவருக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்த பெரியம்மா, உதடு அசைவது தெரியாமல் வரிவரியாக எடுத்துக்கொடுத்தார். அவர் திருப்பிச் சொன்னார். குடை முழுக்க ஐயர் தலைக்கு மேல். பெரியம்மா தொப்பலாக நனைந்திருந்தார். திரும்பும் வழியில், "நீங்களே சொல்லியிருக்கலாமே பெரியம்மா?" என்றேன். "வாயை மூடிட்டு வாடி" என்றார்.

அந்த ஐயர்மேல் எனக்கு வருத்தமில்லை, நல்ல பையன். அதே வருஷம் பெரியம்மா ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிக்க அனுமதி கேட்டபோது, 'படிப்பு போதாது' என்று கமிட்டி சொல்லிவிட்டது. பெண் என்பதால் என்று யாரும் சொல்லவில்லை பாருங்கள். அதைச் சொல்லக் கூச்சம் வந்தால் சர்டிஃபிகேட் கேட்பார்கள். சர்டிஃபிகேட்டோடு போனால் குரலைப் பற்றி ஏதாவது சொல்வார்கள். கமிட்டிக்குப் பயந்து நீங்களே அடித்துவிட்டால் அவர்கள் வேலை மிச்சம், தங்கச்சி.

2013-ல் ஆந்திராவின் நந்தியாலில் நம் தென்னிந்தியத் திருச்சபையான சி.எஸ்.ஐ.யிலேயே புஷ்பலலிதா பேராயரானார். அதைப் பார்க்கப் பெரியம்மா இல்லை. உங்கள் கட்டுரையிலும் புஷ்பலலிதா பெயரைக் காணோமே! பாஸ்டன் தெரிகிறது, பக்கத்து மாநிலம் தெரியவில்லையா?

அந்த வரியை முதல் பத்தியிலேயே போடுங்கள். அப்புறம், நீங்கள் அனுப்பிய பிரதியில் இரண்டு இடத்தில் 'ஹாரீஸ்' என்று நெடிலாக இருக்கிறது. திருத்திவிடுங்கள்.