முருங்கைக்கீரையில எதுங்க ஒரு இலை?

கேள்வி (தென்காசி வாசகி): என் பையனுக்கு ஸ்கூல்ல அஞ்சு இலை காயவச்சு நோட்டுல ஒட்டிட்டு வரச் சொன்னாங்க. வேப்பிலையும் முருங்கையும் ஒண்ணொண்ணா கிள்ளி ஒட்டினான், மிஸ் ரெண்டையும் அடிச்சுட்டு 'இது இலை இல்லை'ன்னு எழுதி அனுப்பியிருக்காங்க. இலை இல்லாம வேற என்னங்க அது?

பதில்: மிஸ் சொன்னது சரிதாங்க, ஆனா ஏன்னு ஒரு வரி சேர்த்து எழுதியிருக்கலாம். பையன் கிள்ளினது சிற்றிலை, அதாவது இலையில ஒரு துண்டு. கறிவேப்பிலை ஒரு ஈர்க்குன்னு கேட்டு வாங்குறோமே, அந்த முழு ஈர்க்குதான் ஒரு இலை, வேம்பும் அப்படித்தான். எப்படி கண்டுபிடிக்கிறதுன்னா, காம்பு கிளையில சேர்ற இடத்துல கக்கத்துல உத்துப் பாருங்க, பொடிசா ஒரு மொட்டு உக்காந்திருக்கும், அங்கேருந்துதான் இலைக் கணக்கு ஆரம்பம். சிற்றிலைக்கு அடியில லென்ஸ் வச்சு தேடினாலும் மொட்டு கிடைக்காது.

முருங்கை இதுல பெரிய கில்லாடி. நடு ஈர்க்குலேருந்து ஒரு கிளை, அதுலேருந்து இன்னொண்ணு, அதுக்கப்புறம்தான் நாம ஆயுற பொடி இலைன்னு மூணு தடவை பிரிஞ்சு போகும், ஒரு இலையே ஒரு முழம் வரும். ராத்திரி துணியில சுத்தி வச்சா காலையில தானா உதிருதுல்ல, ஒவ்வொரு சிற்றிலைக்கும் அடியில தனித்தனியா மூட்டு இருக்கு, அங்க விட்டுக்குது.

நோட்டுக்கு முருங்கை வேணாம், பக்கம் பத்தாது. வில்வம் கிடைச்சா வைங்க, கோயில்ல மூணும் பிரியாம போடுறாங்களே, தாவரவியல் கணக்குலயும் மூணும் சேர்ந்துதான் ஒரு இலை. புளிய இலைன்னா பகல்லயே பறிச்சு உடனே புக்குக்குள்ள அமுக்கிடுங்க, பொழுது சாஞ்சா மடிச்சுக்கும்.

கேள்வி (கடலூர் வாசகர்): சவுக்கு இலை மட்டும் ஏன் ஊசி மாதிரி இருக்கு?

பதில்: அது இலையே இல்லைங்க, பச்சைக் குச்சி! சின்ன வயசுல அதை கணுவுல இழுத்துப் பிரிச்சு திரும்ப சொருகி, எங்க உடைச்சேன் சொல்லுன்னு விளையாடியிருப்பீங்களே, அந்தக் கணுவைச் சுத்தி பல்லு பல்லா கிரீடம் மாதிரி தெரியும், அதுதான் இலை, ஏழெட்டு இருக்கும். வெயில் வாங்கி சாப்பாடு பண்றதெல்லாம் குச்சியோட வேலை. மூச்சுத் துளைங்களும் குச்சியில நீளமா ஓடுற பள்ளத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கு, கடல் காத்துல தண்ணி சட்டுனு வத்திடக் கூடாதுல்ல. சப்பாத்திக்கள்ளியும் இதே ஆட்டம்தான், சப்பாத்தி மாதிரி இருக்கறது தண்டு, இலைங்கதான் முள்ளா மாறிடுச்சு.

கேள்வி (மதுரை வாசகர்): அரச இலைக்கு எதுக்கு வால்?

பதில்: தண்ணி வடியத்தான். மழை அதிகமா பெய்யுற காட்டு மரங்கள் நிறையவே இந்த மாதிரி வால் வச்சிருக்கும், இலை மேல ஈரம் தேங்கினா பாசியும் பூஞ்சையும் ஏறிடும். ரெண்டு அரச இலை எடுத்து ஒண்ணுல மட்டும் வாலை கத்தரிச்சுட்டு ரெண்டு மேலயும் தண்ணி தெளிச்சு பாருங்க. நான் எங்க மொட்டைமாடியில பண்ணிப் பாத்தேன், வால் இருந்ததுல சொட்டுச் சொட்டா கீழ எறங்கிடுச்சு, வெட்டினதுல ஓரத்துல குண்டா ஒரு துளி அப்படியே தொங்கிட்டே இருந்துச்சு.