ஒத்த கையால பிஎஸ்5 ஆட முடியுமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பைக் ஆக்சிடென்ட்ல என் தம்பிக்கு இடது முழங்கைக்குக் கீழ எடுத்துட்டாங்க. முன்னாடி ராத்திரி பகலா பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5, டிவில மாட்டி ஆடுற கேம் கன்சோல்) ஆடுவான், இப்ப தொடுறதே இல்ல. ஒத்த கையால ஆட வழி இருக்கா? இதுக்குன்னு தனி கன்ட்ரோலர் வாங்கணுமா? (வாசகி, மதுரை)

வழி இருக்குங்க. ஆனா உடனே காசு எடுத்து எதையும் வாங்கிடாதீங்க, முதல்ல பிஎஸ்5 செட்டிங்ஸ்ல ஆக்சசிபிலிட்டின்னு (மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகள்) ஒரு பகுதி இருக்கும், அதுக்குள்ள கன்ட்ரோலர்ஸ் போனீங்கன்னா எந்த பட்டன் என்ன வேலை செய்யணும்னு மாத்திக்கலாம். ரெண்டாவது கன்ட்ரோலரையும் துணைக்குச் சேர்க்கலாம், அதாவது கேமுக்கு ரெண்டும் ஒரே ஆள் மாதிரிதான், தம்பி வலது கையால குறி பார்த்து சுடட்டும், நீங்க பக்கத்துல உக்காந்து நடக்க வைங்க. (சண்டை வரும், அது வேற விஷயம்.)

அடுத்து கேம். தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2, 2020ல வந்தது, 60க்கு மேல ஆக்சசிபிலிட்டி செட்டிங்ஸ் அதுல. வலது கை மட்டும், இடது கை மட்டும்னு ரெடிமேடாவே பட்டன் அமைப்பு இருக்கு. பட்டனை டபடபன்னு தட்ட வேண்டிய இடத்துல சும்மா அமுக்கிப் பிடிச்சா போதும்னு மாத்தலாம், கீழ கிடக்குற சாமானைத் தானா எடுத்துக்கும், குறியும் தானா எதிரி மேல போய் நிக்கும். ரத்தம் ஜாஸ்தி, தம்பி சின்னப் பையன்னா வேணாம்.

இதுக்கும் மேல வேணும்னாதான் ஹார்டுவேர். பிஎஸ்5க்கு ஆக்சஸ் கன்ட்ரோலர்னு 2023 டிசம்பர்ல வந்துச்சு, வட்டமா தட்டு மாதிரி மேசை மேல வச்சு ஆடுறது, எந்தப் பக்கம் வேணா திருப்பி வச்சுக்கலாம், ஸ்டிக் எவ்வளவு தூரத்துல இருக்கணும்ங்கறதையும் மாத்தலாம். எக்ஸ்பாக்ஸ்காரங்க அவங்க கன்சோலுக்கு 2018லயே அடாப்டிவ் கன்ட்ரோலர் விட்டாங்க, அப்ப 100 டாலர், மேல ரெண்டு பெரிய பட்டன், பின்னாடி வரிசையா 19 ஜாக் (ஒயர் சொருகுற துளை). காலால அமுக்குறது, முழங்கையால அமுக்குறதுன்னு எந்த ஸ்விட்ச் வேணா அதுல சொருகலாம். ஆனா அந்த ஸ்விட்ச் எல்லாம் தனியா காசு, அங்கதான் பட்ஜெட் எகிறும்.

கேள்வி: எனக்குப் பார்வை கிடையாது, போன்ல டாக்பேக் (திரையில இருக்குறதைப் படிச்சுக் காட்டுற வசதி) வச்சுதான் எல்லாம் பண்றேன். ஃப்ரெண்ட்ஸ் கேம் ஆடும்போது நான் சும்மா உக்காந்திருக்கேன். போன் கேம்ல டாக்பேக் ஏன் பேசவே மாட்டேங்குது? (வாசகர், திருச்சி)

நிறைய கேம்ல பட்டன், எழுத்து எல்லாத்தையும் கேமே படமா வரைஞ்சு காட்டுது, டாக்பேக்குக்கு அது மொத்தமா ஒரே வெத்துத் திரை, படிக்க ஒண்ணும் இருக்காது. உங்க மேலயோ போன் மேலயோ தப்பு இல்ல, செஞ்சவன் யோசிக்கல, அவ்வளவுதான்.

கன்சோல் பக்கம் நிலைமை பரவால்ல. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6ல எதிரி எவ்வளவு தூரத்துல நிக்கிறான்னு சத்தத்துலயே தெரியும், பார்வை இல்லாதவங்க நல்லாவே ஆடுறாங்க. 2023ல வந்த ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட் கார் ரேஸ்! வளைவு வருது, ரோட்டு ஓரத்துக்குப் போறீங்க, கியர் மாத்துங்கன்னு எல்லாத்துக்கும் தனித்தனி சத்தம். மேல சொன்ன லாஸ்ட் ஆஃப் அஸ்லயும் ஸ்டிக்கை அமுக்கினா போக வேண்டிய பக்கம் உங்களைத் திருப்பி விடும், எந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம்னு மெனுவுலயே கேட்டுப் பழகிக்கலாம். ஹெட்போன் கட்டாயம், இடது வலது பிரிஞ்சு கேட்கலன்னா இதெல்லாம் வீண். மெனுவைப் படிச்சுக் காட்டுற குரல் தமிழ்ல கிடையாது, இங்கிலீஷ்ல கேட்டுத்தான் சமாளிக்கணும்.

கேள்வி: இந்த ஆக்சசிபிலிட்டி வசதியெல்லாம் ஈஸி மோட் தானே சார்? கஷ்டப்பட்டு ஜெயிக்கிறவன் ஏமாளியா? (வாசகர், சேலம்)

செலஸ்ட்னு ஒரு மலை ஏறுற கேம், கொலவெறி கஷ்டம். அதுலயே அசிஸ்ட் மோட் போட்டு வேகத்தைப் பாதியாக் குறைக்கலாம். குறைச்சவன் ஆடுனதால உங்க சாதனை எங்கயும் குறையலயே. ஃபோர்ட்நைட்ல காது கேட்காதவங்களுக்காக காலடிச் சத்தம் எந்தப் பக்கம்னு திரையில காட்டுறாங்க, நல்லா காது கேட்கிறவங்களே அதை ஆன் பண்ணி வச்சு ஆடுறாங்க, அவங்க ஏமாத்துறாங்கன்னு யாரு சொல்றா?

கேள்வி: எனக்கு சிவப்பு பச்சை குழம்பும். பிஜிஎம்ஐ (போன்ல ஆடுற துப்பாக்கிச் சண்டை கேம்) ஆடலாமா? (வாசகர், ஓசூர்)

தாராளமா. செட்டிங்ஸ்ல கலர்ப்ளைண்ட் மோட்னு இருக்கும், அதுல இருக்குற வகையை ஒவ்வொண்ணா போட்டு ட்ரெய்னிங் கிரவுண்ட்ல பாருங்க, எது கண்ணுக்குத் தெளிவா இருக்கோ அதையே வச்சுக்கோங்க.