இரு பக்கமும் கேப் போட்ட பற்கள், நடுவில் பல் இல்லை: பழைய கேப்போடு பிரிட்ஜை இணைக்கலாமா?

கேள்வி இதுதான்: கீழ்த்தாடையில் இடப்பக்கம் ஒரு கடைவாய்ப் பல்லை எடுத்தாயிற்று. அதற்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு பற்களுக்கும் ரூட் கெனால் செய்து கேப் போட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. இரண்டு கேப்பும் ஆடாமல் நன்றாகத்தான் இருக்கின்றன. புதுப் பல்லை அந்தக் கேப்களோடு அப்படியே இணைத்துவிட முடியாதா, கட்டாயம் கழற்றித்தான் ஆக வேண்டுமா?

நான் பல் மருத்துவர் இல்லை. பல் லேபில் செராமிக் வேலை செய்கிறவன். டாக்டர் உங்கள் வாயில் எடுத்து அனுப்பும் அளவை வைத்துக் கேப்பும் பிரிட்ஜும் செய்து கொடுப்பது எங்கள் வேலை. இதே கேள்வியை என் அத்தையும் கேட்டார். அதனால் செய்கிறவன் பக்கத்திலிருந்தும் வீட்டு ஆள் பக்கத்திலிருந்தும் சொல்ல முடியும்.

நேராகச் சொன்னால், கழற்றித்தான் ஆக வேண்டும். விதிவிலக்குகள் உண்டு, பிறகு சொல்கிறேன். ஆனால் உங்களைப் போல இரு பக்கமும் சாதாரணக் கேப் இருக்கும்போது அவற்றை விட்டுவைத்துச் செய்யும் பிரிட்ஜை நான் நம்பமாட்டேன்.

பிரிட்ஜ் என்றால் இரண்டு கேப்புக்கு நடுவே ஒரு பல்லைச் செருகி ஒட்டுவது என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இரண்டு பக்கக் கேப்பும் நடுப்பல்லும் சேர்ந்து ஒரே துண்டு. கேப்தான் பிரிட்ஜின் கால். மெட்டல் செராமிக் என்றால் உள்ளே இருக்கும் உலோகம் மூன்று பல்லுக்கும் சேர்த்து ஒரே வார்ப்பாக வரும், அதன் மேல் பீங்கானை அடுக்கி 900 டிகிரி வாக்கில் சுடுவோம். ஸிர்கோனியா என்ற உலோகமில்லாத கெட்டிப் பீங்கான் வகை என்றால் ஒரே கட்டியிலிருந்து மெஷின் கடைந்து எடுக்கும். சுடும்போது சுருங்கும் என்பதால் 20 முதல் 25 சதவீதம் பெரிதாகக் கடைந்து, 1,500 டிகிரி வாக்கில் சுட்டுச் சரியான அளவுக்குக் கொண்டுவருவோம். இந்த வேலை எதையும் வாய்க்குள் வைத்துச் செய்ய முடியாது. பசை போட்டு ஒட்டினால் அது பசையின் பலம்தான், பிரிட்ஜின் பலம் ஆகாது.

நடுப்பல் பக்கத்துக் கேப்போடு சேரும் இடத்தைக் கனெக்டர் என்போம். மெல்லும் விசை முழுக்க அந்தக் கழுத்து வழியாகத்தான் பக்கத்துப் பல்லுக்குப் போகிறது. கடைவாய்ப் பக்கம் மூன்று பல் ஸிர்கோனியா பிரிட்ஜுக்கு அந்த இடத்தின் குறுக்குவெட்டு பொதுவாக 9 சதுர மில்லிமீட்டராவது இருக்கும்படி செய்வோம். உங்கள் பழைய கேப்பின் பக்கச் சுவரில் அதற்கு இடமே கிடையாது. அது தனிப் பல்லாக நிற்கச் செய்யப்பட்டது. பக்கத்துப் பல்லை ஒரு புள்ளியில் தொட்டுக்கொண்டு நின்றால் போதும் என்ற கணக்கில் வழுவழுப்பாக உருண்டிருக்கும்.

அப்புறம் அத்தை கேட்ட அடுத்த கேள்வி: “சரிடா, கழட்டுங்க. கழட்டுன கேப்பையே உங்க லேப்ல வச்சுப் புதுப் பல்லோட சேர்த்துக் குடுத்துட முடியாதா?” அதுவும் நடக்காது. பல்லோடு ஒட்டும் சிமென்ட் நன்றாகப் பிடித்த கேப் பெரும்பாலும் முழுசாக வராது. நீளவாக்கில் ஒரு கோடு வெட்டி, பிளந்து, விரித்துத்தான் எடுப்பார்கள். கொக்கி மாட்டித் தட்டி எடுக்கும் கருவியும் இருக்கிறது. ரூட் கெனால் செய்த பல்லில் அதைப் போட்டுத் தட்டினால் கேப்போடு பல்லும் உடைந்து வர வாய்ப்பு உண்டு. அதனால் டாக்டர் “வெட்டித்தான் எடுக்கணும்” என்றால் தடுக்காதீர்கள். தப்பித்தவறி முழுசாக வந்தாலும், வருடக்கணக்கில் வாயில் ஈரத்தில் ஊறிய பீங்கானை மறுபடி சூளையில் வைத்தால் விரிசல் விடும், நிறம் கெடும்.

ஏன் இதை இத்தனை பேர் கேட்கிறார்கள் என்றும் தெரியும். பிரிட்ஜுக்கு யூனிட் கணக்கில்தான் விலை, ஒரு பல் ஒரு யூனிட். போனது ஒரு பல்தான், ஆனாலும் மூன்று யூனிட்டுக்குக் காசு. ஏற்கெனவே இரண்டு கேப்புக்குச் செலவு செய்தவருக்கு அது வலிக்கத்தான் செய்யும். நியாயமான வலி. ஆனாலும் பழைய கேப்பைக் கழற்றுவதை நஷ்டம் என்று மட்டும் பார்க்காதீர்கள் என்பேன். உள்ளே இருக்கிற பல் என்ன நிலையில் இருக்கிறது என்று கண்ணால் பார்க்க வேறு வழியே இல்லை. எக்ஸ்ரேயில் வேர் தெரியும், எலும்பு தெரியும். உலோகத்துக்குள் இருப்பது வெறும் வெள்ளையாகத்தான் விழும்.

அத்தைக்கு அதுதான் நடந்தது. வலப்பக்கம் கீழே முதல் கடைவாய்ப் பல் போய்விட்டது. அதற்கு முன்னால் இருந்த பல்லுக்கும் பின்னால் இருந்த பல்லுக்கும் பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய மெட்டல் செராமிக் கேப். “நல்லா கல்லு மாதிரி இருக்குடா, இதைப் போய் உடைக்கணுமா?” என்றார். வெட்டி எடுத்தார்கள். முன்னால் இருந்த பல் சுத்தமாக, கெட்டியாக இருந்தது. பின்பல்லின் கேப்பைப் பிளந்ததும் ஒரு கெட்ட வாடை. நாக்குப் பக்கம் ஈறோரத்தில் கேப்புக்கு அடியில் சொத்தை நுழைந்து, பல் பழுப்பாகி, கருவி வைத்துச் சுரண்டினால் ஈரமரம் போலப் பிசிறாக வந்தது. ரூட் கெனால் செய்த பல் என்பதால் துளி வலியும் தெரிந்திருக்கவில்லை. அந்தக் கேப்பை அப்படியே விட்டு அதன் மேல் எந்தப் பல்லைத் தொங்கவிட்டிருந்தாலும் ஒருநாள் கேப்பும் பிரிட்ஜும் சேர்ந்து பல்லோடு முறிந்து கையில் வந்திருக்கும்.

சொத்தையைச் சுத்தமாக எடுத்த பிறகு எவ்வளவு நல்ல பல் மிஞ்சுகிறது என்பதுதான் அடுத்த கேள்வி. கேப்பின் விளிம்புக்கு மேலே சுற்றிலும் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்காவது சொந்தப் பல் நிற்க வேண்டும். அந்த வளையத்தைக் கேப் இறுகப் பிடித்துக்கொள்வதால்தான் பல் பிளக்காமல் இருக்கிறது. வேருக்குள் போஸ்ட் என்ற குச்சியை வைத்து, ஃபில்லிங்கால் உயரத்தைக் கட்டலாம். ஆனால் கட்டிய பகுதி அந்த வளையத்துக்கு ஈடாகாது. அத்தைக்கு மூன்று பக்கம் போதுமான பல் இருந்தது, நாக்குப் பக்கம் மட்டும் குறைவு. அங்கே ஈறையும் கொஞ்சம் எலும்பையும் இறக்கிச் சின்ன சர்ஜரி செய்து, ஆற விட்டு, அதன் பிறகுதான் அளவு எடுத்தார்கள். அதுவரை அக்ரிலிக்கில் டெம்பரரி பிரிட்ஜ் போட்டிருந்தார். அந்தப் பின்பல்லில் இன்னும் கொஞ்சம் குறைந்திருந்தால் டாக்டர் பிரிட்ஜே வேண்டாம் என்றிருப்பார். அதுவும் சரியான முடிவாகத்தான் இருந்திருக்கும்.

அதனால் முதலிலேயே “மூன்று யூனிட் ஸிர்கோனியா, இவ்வளவு ரூபாய்” என்று முடிவாகி முன்பணமும் கட்டிவிட்டு, பிறகு கேப்பைக் கழற்றுவது எனக்கு உடன்பாடில்லை. பணம் கட்டிய பிறகு பல் மோசம் என்று தெரிந்தாலும், எப்படியாவது பிரிட்ஜைப் போட்டுவிடலாம் என்றுதான் இரண்டு தரப்புக்கும் மனசு போகும். லேபுக்கு வரும் சில அளவுகளில் அது அப்பட்டமாகத் தெரியும். பல் என்று இருப்பது ஈறு மட்டத்தில் ஒரு குட்டி மேடு. ஓரம் எங்கே முடிகிறது என்றே புரியாது. நாங்கள் அச்சில் சிவப்புப் பென்சிலால் விளிம்பைக் குறிப்போம். அது தெளிவாக இல்லாதபோது ஊகத்தில்தான் குறிக்க முடியும். ஊகத்தில் செய்த கேப்பின் ஓரம் பல்லோடு சரியாக உட்காராது. அந்த இடைவெளியில்தான் மறுபடி சொத்தை. அப்படி வந்தால் திருப்பி அனுப்பி, “அளவு மறுபடி எடுங்க சார்” என்று சொல்வேன். நல்ல டாக்டர்கள் இதற்குக் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

உங்கள் கணக்கில் ஒரு நல்ல விஷயம், போனது ஒரே பல். 1926-இல் ஆன்டே என்பவர் ஒரு விதி சொன்னார்: தாங்கும் பற்களின் வேர்ப்பரப்பு, போன பற்களின் வேர்ப்பரப்புக்குக் குறையக் கூடாது. இன்று அதை யாரும் வேதவாக்காக எடுப்பதில்லை. ஈறு நோயைக் கட்டுப்படுத்தி வைத்தால் எலும்பு குறைந்த பற்களும் பிரிட்ஜைத் தாங்கும் என்று 1980-களிலேயே ஸ்வீடனில் காட்டிவிட்டார்கள். ஆனாலும் முதல் கணக்குக்கு அந்த விதி உதவும். முதல் கடைவாய்ப் பல் போய், முன்னும் பின்னும் இரண்டு பல் நின்றால் அந்தக் கணக்கில் தாராளமாகத் தேறும். இடைவெளி நீண்டால் கதை வேறு. ஒரே தடிமனில் செய்த பிரிட்ஜில் ஒரு பல்லுக்கான இடைவெளி வளைவதைப்போல இரண்டு பல்லுக்கு எட்டு மடங்கு, மூன்று பல்லுக்கு இருபத்தேழு மடங்கு வளையும். வளைய வளைய பீங்கான் தெறிக்கும், சிமென்ட் விடும்.

இன்னொன்று, பின்பல் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பல் எடுத்து நாளாகிவிட்டால் பின்னால் இருப்பது காலி இடத்தை நோக்கிச் சாய்ந்துவிடும். பிரிட்ஜ் ஒரே துண்டு என்பதால் இரண்டு பல்லிலும் ஒரே நேரத்தில், ஒரே திசையில் இறங்க வேண்டும். தனித்தனிக் கேப்புக்கு இந்தக் கட்டாயம் இல்லை. உங்கள் பழைய கேப்கள் அந்தந்தப் பல்லின் போக்கில் செய்யப்பட்டிருக்கும், ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கழற்றியாக வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

விதிவிலக்குகளுக்கு வருகிறேன். எதிர்காலத்தில் பக்கத்துப் பல் போகும் என்று எதிர்பார்த்து, கேப் செய்யும்போதே அதன் பக்கத்தில் ஒரு பள்ளம் வைத்துச் செய்வது உண்டு. பிறகு அந்தப் பள்ளத்தில் பிரிட்ஜின் ஒரு முனை உட்காரும். உங்களுக்கு அப்படிச் செய்திருந்தால் டாக்டரின் குறிப்பில் இருக்கும். முழு உலோகக் கேப் என்றால் மேற்பரப்பில் ஒரு பெட்டி போல வெட்டி அதில் ஒரு கையை உட்கார வைக்கும் வேலையும் இருக்கிறது. வயதானவர்களுக்கு, நீண்ட சிகிச்சை தாங்காது என்பவர்களுக்குச் சமரசமாகச் செய்வார்கள். பல்லின் பின்பக்கம் சிறகு ஒட்டும் பிரிட்ஜைப் பற்றி எங்காவது படித்திருப்பீர்கள். அது இயற்கையான எனாமலில் ஒட்டுவதற்காக வந்தது, கேப் மேல் அதை நம்ப வேண்டாம்.

கேப்களைத் தொடவே கூடாது என்பதுதான் உங்கள் முதல் தேவை என்றால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கழற்றி மாட்டும் பல் செட். அதன் கொக்கி கேப்பையே பிடித்துக்கொள்ளும். செலவும் குறைவு. மற்றொன்று, காலி இடத்தில் மட்டும் ஒரு இம்பிளான்ட், அதாவது எலும்பில் திருகு பதித்து அதன் மேல் வைக்கும் பல். எலும்பு இருந்து, உடம்பும் இடம் கொடுத்து, கையில் காசும் இருந்தால் எனக்கு அதுதான் பிடிக்கும். மூன்று பல்லும் தனித்தனியாக நிற்கும், நாளை ஒன்று கெட்டால் மற்ற இரண்டையும் இழுத்துப் போடாது. ஆனால் ஒரு பக்கம் இம்பிளான்ட், மறுபக்கம் சொந்தப் பல் என்று இரண்டையும் சேர்த்துப் பிரிட்ஜ் போடலாம் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். சொந்தப் பல் சுமார் 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள நார்ப்படலத்தில் நிற்கிறது, கடிக்கும்போது லேசாக அமுங்கும். இம்பிளான்ட் எலும்போடு இறுகிவிட்டது, அமுங்காது. 2007-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பத்து வருடம் கழித்தும் வாயில் இருந்தவை: சொந்தப் பல் மேல் நின்ற சாதாரண பிரிட்ஜில் 89.2 சதவீதம், இப்படிக் கலந்து போட்டதில் 77.8 சதவீதம்.

பிரிட்ஜ்தான் என்று முடிவானால், சிமென்ட் போடும் முன் ட்ரையலில் பல் நூலை நடுப்பல்லின் அடியில் நுழைத்துக் காட்டச் சொல்லுங்கள். முனை விறைப்பாக இருக்கும் சூப்பர்ஃப்ளாஸ் அதற்கென்றே வருகிறது. அது போகவில்லை என்றால் பிரிட்ஜை லேபுக்குத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். நடுப்பல்லின் அடியைச் செதுக்குவது எங்களுக்குக் கால்மணி நேர வேலை, ஒட்டிய பிறகு யாராலும் சரிசெய்ய முடியாது.

போட்ட பிறகு கவனிக்க வேண்டியது, ஒரு பக்கம் மட்டும் சிமென்ட் விடுவது. தனிக் கேப் விட்டால் கையோடு வந்துவிடும், தெரிந்துவிடும். பிரிட்ஜில் ஒரு பக்கம் விட்டாலும் மறுபக்கம் பிடித்துக்கொண்டு நிற்கும். விட்ட பக்கத்தில் எச்சில் போய் வந்து பல் சத்தமில்லாமல் கரையும். அந்தப் பக்கம் அடிக்கடி வாடையோ கெட்ட சுவையோ வந்தால், கண்ணாடி முன் நின்று பிரிட்ஜை விரலால் மேலே தூக்கி, பிறகு அழுத்திப் பாருங்கள். கேப்பின் ஓரத்தில் குட்டிக் குமிழிகள் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். அந்த நிலையில் பெரும்பாலும் பல்லைக் காப்பாற்றிவிடலாம்.

இப்போதைக்கு டாக்டரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “முதல்ல ரெண்டு கேப்பையும் எடுத்துப் பார்த்துட்டு, பல் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு சொல்லுங்க. பிரிட்ஜா வேறயான்னு அப்புறம் பேசலாம்.” கழற்றும் அன்றே டெம்பரரி போட்டு அனுப்புவார்களா என்றும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ரூட் கெனால் செய்து சீவிய பல்லை வெறுமனே விட்டு வீட்டுக்குப் போய் முறுக்கைக் கடித்தால், பிரிட்ஜ் வரும் முன்பே கால் உடைந்துவிடும்.