வாசகர் கேள்வி பதில்: கோல் அடிக்காத பையனை கோச் ஏன் பாராட்டினார்?

கேள்வி: அண்ணா, என் அக்கா குடும்பம் டர்பனை விட்டு பெர்த்துக்குக் குடிபோய்ச் சில வருஷம் ஆகிறது. அக்கா மகனுக்குப் பதினைந்து வயது, உயரம் கம்மி. அங்கே ஆஸ்திரேலிய ஃபுட்டி ஆடுகிறான், அவனை ஸ்மால் ஃபார்வர்டு என்று போட்டிருக்கிறார்கள். போன வார மேட்சில் அவன் ஒரு கோல்கூட அடிக்கவில்லை, ஆனால் மேட்ச் முடிந்ததும் கோச் எல்லார் முன்னாலும் அவனைத்தான் பாராட்டினாராம். ஃபார்வர்டு என்றால் கோல் அடிக்கத்தானே? பையன் மனசு நோகக் கூடாது என்று சொன்ன ஆறுதல் வார்த்தையா இது? அக்கா ஃபோனில் என்னைக் கேட்கிறாள், எனக்கு என்ன தெரியும்! (சாட்ஸ்வொர்த் வாசகி)

பதில்: ஆறுதல் இல்லை தங்கச்சி, அந்த கோச் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார், அதுவும் சரியான பையனைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

கிங்ஸ்மீட் மாதிரி ஒரு முட்டை வடிவ கிரிக்கெட் மைதானத்தை நினைத்துக்கொள்ளுங்கள், நீளம் 135 மீட்டரிலிருந்து 185 மீட்டர்வரை இருக்கலாம். அதில் ஒரு பக்கத்துக்கு 18 பேர், ஆஃப்சைடு கிடையாது, யாரும் எங்கும் ஓடலாம். ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்கும் இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. பக்கத்து இடைவெளியில் போனால் பிஹைண்ட் என்பார்கள், 1 புள்ளிதான். நடுக்களத்திலிருந்து பந்தை உயரமாக உதைத்து அனுப்புவார்கள், கோலுக்கு முன்னால் நிற்கிற நெட்டையர்கள் எகிறிப் பிடிப்பார்கள், அது மார்க். பிடிபடாத பந்து கீழே விழும். அங்கே காலடியில் சுற்றிக்கொண்டிருக்கிற குள்ளமான ஆள் அதைப் பொறுக்கி, திரும்பி, ஒரே மூச்சில் கோலுக்குள் உதைப்பான். ரொம்ப காலம் ஸ்மால் ஃபார்வர்டின் வேலை இவ்வளவுதான்.

இப்போது வேலையின் பாதி அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது. விழுந்த பந்தை எதிரணி டிஃபெண்டர் எடுத்துவிட்டான் என்று வையுங்கள். அவன் நிதானமாகத் தலைநிமிர்ந்து பார்த்து ஓர் உதை உதைத்தால் நடுக்களமே திறந்துவிடும், இரண்டு உதையில் பந்து மறுமுனைக்குப் போய்விடும். அந்த நிதானத்தை அவனுக்குக் கொடுக்காமல் இருப்பதுதான் உங்கள் அக்கா மகனின் வேலை. துரத்திப் பிடித்து மடக்க வேண்டும், அதுதான் டாக்கிள். பந்தை வெளியே அனுப்ப வாய்ப்பு இருந்தும் அனுப்பாமல் வைத்திருந்து மாட்டிக்கொண்டால் டாக்கிள் செய்தவனுக்கு ஃப்ரீ கிக், அதுவும் கோலுக்குப் பக்கத்திலேயே. பிடிக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, பின்னால் காலடிச் சத்தம் கேட்டாலே டிஃபெண்டர் அவசரப்பட்டுத் தப்பான இடத்துக்கு உதைப்பான், அதை உங்கள் அக்கா மகனின் அணிக்காரன் ஒருவன் பிடித்து கோல் அடிப்பான். ஸ்கோர் எழுதும்போது கோல் அடித்தவன் பெயர்தான் வரும், துரத்தினவன் பெயர் வராது. கோச் அதைப் பார்த்திருக்கிறார். அக்காவிடம் சொல்லுங்கள், அடுத்த மேட்சில் பந்து எதிரணி கையில் இருக்கும்போது மகனை மட்டும் பார்க்கட்டும்.

கேள்வி: நான் முன்பு மெல்பர்னில் சில காலம் வேலை பார்த்தவன். அப்போதெல்லாம் குள்ள வீரர்கள் பாக்கெட்டில் நின்று ஓய்வெடுப்பார்கள், யாரையும் துரத்தியதாக ஞாபகமில்லை. எப்போது மாறியது? (ஓய்வுபெற்ற ஆசிரியர், டோங்காட்)

பதில்: ஐயா சொல்வது அந்தக் காலத்துக்கு மிகச் சரி. அப்போது ரோவர் என்று ஒருவர் நடுக்களத்தில் ஓடி ஓடிப் பந்தெடுப்பார், களைத்துப் போனால் கோல் பக்கத்து மூலையான ஃபார்வர்டு பாக்கெட்டில் போய் நிற்பார். ஓய்வுக்கு ஓய்வு, கிடைத்தால் ஒரு கோல். லீ மாத்யூஸ் ஹாதார்ன் அணிக்கு 332 ஆட்டத்தில் 915 கோல் அடித்தவர், அவரும் ரோவர்தான். ரிச்மண்ட் அணியின் கெவின் பார்ட்லெட் 403 ஆட்டத்தில் 778 கோல், 1980 இறுதிப் போட்டியில் மட்டும் 7. இப்போதைய ஆட்டக்காரர்கள் யாரும் நெருங்க முடியாத கணக்கு இது.

முதல் மாற்றம் சத்தமில்லாமல் வந்தது. 1978இல் இன்டர்சேஞ்ச் முறை வந்தது, வெளியே போன வீரர் மறுபடி உள்ளே வரலாம் என்றானது. பெஞ்சில் உட்கார்ந்து ஓய்வெடுக்கலாம் என்றால் பாக்கெட்டில் ஏன் நிற்க வேண்டும்? உடனே இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக அந்த மூலை காலியானது, அதற்கென்றே ஆட்கள் வந்தார்கள். காலிங்வுட்டின் பீட்டர் டைகோஸ் 1990இல் ஒரே சீசனில் 97 கோல் அடித்தார், முக்கால்வாசிப் பேர் உதைக்கவே நினைக்காத கோணங்களிலிருந்து. அப்புறம் எடி பெட்ஸ், கார்ல்டனிலும் அடிலெய்டிலும் சேர்த்து 350 ஆட்டம், 640 கோல், வருடத்தின் சிறந்த கோல் பரிசு நான்கு முறை. அடிலெய்டு ஓவலில் ஒரு மூலைக்கே அவர் பெயர் ஒட்டிக்கொண்டது.

இரண்டாவது மாற்றம்தான் பெரியது. 2008 வாக்கில் ஹாதார்ன், 2010இல் காலிங்வுட் என்று அணிகள் ஆளை ஆள் காவல் காப்பதை விட்டு, மொத்தக் கூட்டமாக முன்னேறி எதிரணியை அதன் பாதியிலேயே அடைத்துவைக்க ஆரம்பித்தன. ஆஃப்சைடு இல்லாத ஆட்டம், எல்லோரும் முன்னால் வந்து மறிக்கலாம். அந்தச் சுவரின் முதல் கல் யார்? எதிரணி கோலுக்கு மிக அருகில் நிற்கிற ஸ்மால் ஃபார்வர்டு. அவன் சும்மா நின்றால் பின்னால் உள்ள பதினேழு பேரின் உழைப்பும் வீண். ஹாதார்னின் சிரில் ரியோலி இதை ஒரு கலையாகவே ஆக்கினார். கோல் அடிப்பார், ஆனால் அவர் துரத்த ஆரம்பித்ததும்தான் ஸ்டேடியமே எழுந்து நிற்கும். 2015 இறுதிப் போட்டியில் சிறந்த ஆட்டக்காரர் பதக்கம் அவருக்குத்தான்.

என்னைக் கேட்டால், எல்லாரும் வாயை மூடி ஒத்துக்கொண்ட வருஷம் 2017. இறுதிப் போட்டியில் ஒரு பக்கம் அடிலெய்டு, அதில் எடி பெட்ஸ், நாட்டிலேயே பேர்போன ஸ்மால் ஃபார்வர்டு. மறுபக்கம் ரிச்மண்ட், 37 வருஷமாகக் கோப்பை இல்லாத அணி. ஜாக் ரீவோல்ட் என்ற ஒரே ஒரு பெரிய நெட்டையர், அவரைச் சுற்றி டான் பட்லர், ஜேசன் காஸ்டேனா, டேனியல் ரியோலி என்று ஓடும் சிறுவர் கூட்டம். தனித்தனியாக எடுத்தால் மூவரில் ஒருவரும் பெட்ஸுக்குச் சமமில்லை. ஆனால் அடிலெய்டு டிஃபெண்டர்களுக்குப் பந்தை எடுத்து மூச்சுவிட நேரம் கிடைக்கவில்லை, ரிச்மண்ட் 48 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது. 2019இலும் 2020இலும் மறுபடி கோப்பை. அதற்குப் பிறகு துரத்தத் தெரியாத ஸ்மால் ஃபார்வர்டுக்கு எந்த கோச்சும் இடம் கொடுப்பதில்லை.

கேள்வி: அப்படியென்றால் நெட்டையர்களின் காலம் முடிந்ததா? (கல்லூரி மாணவர், ஃபீனிக்ஸ்)

பதில்: இல்லை தம்பி. ஒரு சீசனில் நூறு கோல் என்பது முடிந்த மாதிரி இருக்கிறது, கடைசியாக அதைத் தொட்டவர் 2008இல் லான்ஸ் ஃபிராங்க்ளின். ஆனால் மேலே யாராவது எகிறிப் பந்தைத் தட்டினால்தானே கீழே விழும்? நெட்டையர் பிடிக்காவிட்டாலும் எதிராளியைப் பிடிக்க விடக் கூடாது, அதுவே போதும் குள்ளருக்கு.

கேள்வி: ரக்பி பார்க்கிற நமக்கு இதைப் புரியவைக்க ஓர் ஆளைச் சொல்லுங்கள் அண்ணா. (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: நம் தென்னாப்பிரிக்க ரக்பி அணியின் செஸ்லின் கோல்பே. 2023 உலகக் கோப்பை காலிறுதியில் பிரான்ஸ் கன்வெர்ஷன் உதைக்கப் போனபோது பாய்ந்தோடி வந்து பந்தை மறித்தாரே, அந்த 2 புள்ளி போனதால்தான் நாம் 29-28 என்று ஒரே புள்ளியில் ஜெயித்தோம். ட்ரை அடிக்கிறவர் என்றுதான் அவரை அணியில் எடுக்கிறோம், அன்றைக்கு நம்மைக் காப்பாற்றியது அவருடைய ஓட்டம். இன்றைய ஸ்மால் ஃபார்வர்டு அந்த மாதிரி ஓட்டத்தை ஒவ்வொரு மேட்சிலும் திரும்பத் திரும்ப ஓடுகிறான், பெரும்பாலும் பலன் இல்லாமல்.

கேள்வி: நீங்கள் சொல்கிற பெயர்களில் பெட்ஸ், ரியோலிகள் எல்லாம் ஆஸ்திரேலியப் பழங்குடி மக்கள்தானே? அவர்களுக்கு இது பிறவியிலேயே வருகிறது என்று டிவியில் சொல்கிறார்கள். (லெனேசியா வாசகர்)

பதில்: பெருமைப்படுத்துகிற மாதிரி கேட்கும், ஆனால் எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவே பிடிக்காது. 'மாயாஜாலம்', 'பிறவி வரம்' என்று சொன்னால் அந்த மனிதன் பயிற்சி செய்த மணிநேரங்கள் காணாமல் போய்விடும். பாக்கெட்டிலிருந்து உதைக்கும்போது பந்து எந்தப் பக்கம் வளையும், நெட்டையர் எந்தத் தோளில் தட்டினால் எங்கே விழும் என்பதெல்லாம் பார்த்துப் பார்த்துப் படிக்கிற படிப்பு. இன்னொன்றும் இருக்கிறது. மாயாஜாலக்காரன் என்று முத்திரை குத்திவிட்டால் அவனை மூலையிலேயே நிற்க வைப்பார்கள், அணித் தலைவனாகவோ கோச்சாகவோ யாரும் நினைத்துப் பார்க்க மாட்டார்கள்.

பெட்ஸ் எவ்வளவு கோல் அடித்தும் 2016இல் அடிலெய்டு ஓவலில் ஒரு பார்வையாளர் அவர் மேல் வாழைப்பழம் எறிந்தார். நம் ஊர் பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1963இல் நேட்டால் ஓபன் கோல்ஃப் போட்டியில் ஜெயித்த பாப்வா சேகோலும் என்ற ஆட்டக்காரர், இந்தியர் என்பதால் டர்பன் கன்ட்ரி கிளப் கட்டடத்துக்குள் விடப்படாமல் வெளியே மழையில் நின்று கோப்பை வாங்கினார். திறமையைக் கைதட்டி ரசித்துவிட்டு ஆளை வாசலில் நிறுத்துவது நமக்குப் பழக்கமான கதை. ஆகவே அந்த வீரர்களைப் பற்றிப் பேசும்போது உழைப்பு, மூளை, தைரியம் என்றே பேசுவோம்.

கேள்வி: எந்நேரமும் துரத்தல்தான் என்றால் கோல் அடிக்கிற கலை செத்துப்போகாதா? (வெருலம்)

பதில்: எனக்கும் இந்தக் கவலை உண்டு. சில வருஷம் எல்லா அணியும் ஓடுகிற கால்களைத்தான் தேடியது, பந்து கைக்கு வந்தால் என்ன செய்வதென்று தெரியாதவர்களும் உள்ளே வந்தார்கள். இப்போது நிலைமை தேவலை. 2023 இறுதிப் போட்டியில் காலிங்வுட் வெறும் 4 புள்ளியில் ஜெயித்தது, அதில் பாபி ஹில் என்ற ஸ்மால் ஃபார்வர்டு 4 கோல் அடித்துச் சிறந்த ஆட்டக்காரர் பதக்கம் வாங்கினார். துரத்தலை மட்டும் நம்பி அந்த மேட்சை ஜெயித்திருக்க முடியாது.

இன்னொரு திருப்பமும் நடக்கிறது. ஒரு மேட்சில் ஓர் அணி ஆள் மாற்றுவதற்கு 2014இல் 120, 2016இல் 90, 2021இல் 75 என்று உச்சவரம்பைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். பெஞ்சுக்கு அடிக்கடி போக முடியாததால் நடுக்கள வீரர்கள் மறுபடி முன்களத்தில் வந்து மூச்சு வாங்குகிறார்கள், அந்த நேரத்தில் மெல்பர்னின் கைசாயா பிக்கெட் போன்ற ஸ்மால் ஃபார்வர்டுகள் நடுக்களத்துக்குப் போய் ஆட்டத்தை நடத்துகிறார்கள். டோங்காட் ஐயாவுக்குப் பழைய ரோவர் ஞாபகம் வரலாம்.

கேள்வி: பெர்த் பையனின் தாத்தா நான். என் மூத்த மகள் தன் தங்கையிடம்தான் கேட்கச் சொன்னாள், நான் நேராகவே எழுதுகிறேன். பேரன் எதைப் பழக வேண்டும்? நாங்கள் எப்படிப் பார்ப்பது? (சாட்ஸ்வொர்த்)

பதில்: வணக்கம் ஐயா. ஓடிக்கொண்டே, குனிந்து, முழங்காலுக்குக் கீழே வருகிற பந்தை ஒரே முறையில் எடுப்பதுதான் முதல் பாடம், முட்டை வடிவப் பந்து எப்படித் துள்ளும் என்று சொல்ல முடியாது. அப்புறம் டாக்கிள்: தோளுக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே, முதுகில் தள்ளாமல். அதில் தப்பு செய்தால் ஃப்ரீ கிக் எதிரணிக்குப் போய்விடும். இரண்டு காலாலும் உதைக்கப் பழகட்டும், கோலுக்கு முதுகு காட்டி நின்று திரும்பி உதைப்பதையும் சேர்த்து. மூன்றாவது குவார்ட்டரில் கால் கெஞ்சும்போதும் துரத்த மூச்சு வேண்டும், ஆகவே தூர ஓட்டத்தையும் விட வேண்டாம். உயரத்தைப் பற்றி வீட்டில் யாரும் பேச வேண்டாம் ஐயா, பெரியம்மா சின்னம்மா எல்லாரிடமும் சொல்லிவையுங்கள்.

பெர்த் நம்மைவிட ஆறு மணி நேரம் முன்னால், பேரன் காலை ஒன்பதுக்கு ஆடினால் நமக்கு விடியற்காலை மூன்று, அதற்கு விழிக்க வேண்டாம், வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். ஆனால் செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை நடக்கிற பெரிய இறுதிப் போட்டி மெல்பர்னில் மதியம் 2.30க்குத் தொடங்கினால் டர்பனில் காலை 6.30. அதைப் பேரனோடு ஃபோனில் பேசிக்கொண்டே பாருங்கள், யார் எப்போது துரத்தினான் என்று அவன் உங்களுக்குச் சொல்லட்டும்.